கல்லாமை மரத்துக்குள் குடியிருந்தவன்

போன ஆனி மாதம், நத்தம் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் மாந்தோப்பு வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். குழல்விளக்கில் 'டொக்' என்று ஏதோ வந்து மோதியது. ஈசல் மோதினால் சத்தமே கேட்காது. வௌவால் மோதவே மோதாது. இதுவோ யாரோ இருட்டுக்குள்ளிருந்து புளியங்கொட்டையை விட்டெறிந்ததுபோல் இருந்தது. இரண்டாவது முறையும் மோதி, தரையில் மல்லாந்து விழுந்து, ஆறு காலையும் காற்றில் உதைத்துக்கொண்டு கிடந்தது.

அத்தை துடைப்பத்தை எடுத்தார். அவருக்குப் பல்லி என்றால்தான் பயம். மற்ற உயிர்களெல்லாம் அவர் கணக்கில் குப்பை. "பொறுங்கள் அத்தை" என்று சொல்லிக்கொண்டே கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரை அதன்மேல் கவிழ்த்தேன். "அது நான் காபி குடிக்கிற டம்ளர்!" என்றார். கவிழ்த்தது கவிழ்த்ததுதான்.

டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு டம்ளரை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். என் கட்டைவிரலைவிடச் சற்று நீளமான வண்டு. பஸ் கூரையில் கிடந்து வெயிலில் வெளுத்த ரெக்சின் பை என்ன நிறமோ அந்தச் சாம்பல். முதுகில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொட்டுகள், கோலத்துக்கு வைத்துவிட்டு இணைக்க மறந்த புள்ளிகள்போல். தலைக்கும் முதுகுக்கும் நடுவில், கழுத்துப் பட்டை என்று சொல்லத்தக்க இடத்தில், சிவந்த இரண்டு பிறைகள். அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொரு முள். எல்லாவற்றையும்விடக் கண்ணில் நின்றவை உணர்கொம்புகள்தாம். உடம்பைவிட நீளமாக, மூங்கில்போல் கணுக்கணுவாக, பின்பக்கம் வளைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக முன்னங்காலால் இழுத்துத் துடைத்துக்கொண்டது. அவ்வளவு அடிபட்டு விழுந்த பிறகும் மீசையை நீவிக்கொள்ளும் அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இரு விரலால் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினேன். உடனே 'கிறீச், கிறீச்' என்றது. புதுத் தோல் செருப்புப் போட்டுக்கொண்டு யாரோ உள்ளங்கைக்குள் நடப்பதுபோன்ற சத்தம். வாயால் கத்துகிறது என்று முதலில் நினைத்தேன். பார்த்தால், தலையையும் கழுத்தையும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கிறீச். கழுத்துப் பட்டையின் உள்விளிம்பு, அதற்குப் பின்னால் இருக்கும் வரிவரியான ஒரு தகட்டின்மேல் உரசுவதால் வருகிற ஒலி அது. சீப்பின் பற்கள்மேல் நகத்தை இழுத்தால் வருகிற சத்தத்துக்கு அண்ணன் தம்பி முறை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது தன் கழுத்தால் பிழைக்கப் பார்க்கிற பிராணி. பிழைத்தும்விட்டது: திடுக்கிட்டு விரலை விட்டுவிட்டேன். மறுபடி டம்ளர். இந்த முறை மேலே ஒரு செங்கல்.

மறுநாள் காலை தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா வந்தார். எனக்கு உறவில்லை, ஆனால் என் அப்பா காலத்திலிருந்து அந்தத் தோப்பில் இருப்பவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் தாத்தா. செங்கல்லை எடுத்து, டம்ளரைத் தூக்கி, ஒரு பார்வை பார்த்தார்.

"இவன்தான் தம்பி, உங்கள் பாட்டனார் மரத்தைத் தின்றவன்."

அந்த மரத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிணற்றடியில் நின்ற கல்லாமை மாமரம் அது. தோப்பில் செந்தூரம் உண்டு, காசா உண்டு, யாருக்கும் கொடுக்காமல் வீட்டுக்கென்று ஒதுக்கும் இமாம்பசந்த் இரண்டு உண்டு. ஆனாலும் என் பாட்டனார் தன் கையால் நட்டதென்று மிஞ்சியது கிணற்றடிக் கல்லாமை ஒன்றுதான். குத்தகைக்காரர்கள் தோப்பை எண்ணி விலை பேசும்போதும் அந்த மரத்தை எண்ணக் கூடாது என்பது வீட்டு வழக்கம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆவணியில் அதன் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். புரட்டாசியில் இன்னொரு கிளை. மரத்தடியில் ஈரமாக, நார் நாராக மரத்தூள் கிடந்தது. யாரோ ரம்பம் போட்டுவிட்டுப் பெருக்காமல் போனதுபோல். பட்டையில் ஓரிடத்தில் கறுத்த பிசின் வடிந்திருந்தது. அப்போதாவது தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டும். நான் நகரத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். இலை மஞ்சளாகிறது என்று ஆரம்பித்தேன். தூளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். தெளிப்பான் வாடகைக்கு எடுத்து, ஆள் வைத்து, உச்சிக் கிளைவரை இரண்டு தடவை இலையில் அடித்தேன். இலையில் இருந்த நல்ல பூச்சிகள் செத்திருக்கும். மரத்துக்குள் இருந்தவனுக்குத் தலைக்கு மேல் மழை பெய்ததாகக்கூடத் தெரிந்திருக்காது.

தாத்தா ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததும் செய்த வைத்தியம் வேறு. பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியைத் தட்டி, மீன் தூண்டில்போல் வளைத்துக்கொண்டார். பட்டையில் தூள் ஈரமாக வெளியே வரும் துளையைத் தேடினார். காய்ந்த தூள் என்றால் பழைய வழி, ஆள் காலி செய்துவிட்டான் என்று அர்த்தமாம். காதை மரத்தில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். எனக்குக் கிணற்று மோட்டார் சத்தம்தான் கேட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து மறுபடி வைத்தேன். கேட்டது. அப்பளத்தை வாய்க்குள் மெல்ல நொறுக்குவதுபோல, விட்டு விட்டு, அவசரமே இல்லாத ஒரு சத்தம்.

கம்பியை உள்ளே விட்டு, சாவி திருகுவதுபோல் திருகி, கால்மணி நேரம் போராடி இழுத்தார். முதலில் சக்கை வந்தது. பிறகு அது வந்தது: என் நடுவிரலைவிட நீளம், தந்தத்தின் நிறம், கால் என்று ஒன்றுமே கிடையாது. தலைப்பக்கம் அகன்று, வால்பக்கம் ஒடுங்கி, பாசிமணிகளைக் கோத்ததுபோல் வளையம் வளையமாக. முகத்தில் கண் இல்லை. ஒரு ஜோடி கறுத்த தாடை மட்டும் இருந்தது. கால் எதற்கு? நாலு பக்கமும் சோறு, சோற்றுக்குள்ளேயே வீடு. மாவிலையில் வைத்ததும் அது செய்த முதல் காரியம், இலையைக் கடித்துப் பார்த்தது. நான் படம் எடுத்துக்கொண்டேன். மீதியைக் கோழி பார்த்துக்கொண்டது.

துளையில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண் வைத்து அடைத்தார். "ஒருவன் வந்துவிட்டான். உள்ளே எத்தனை பேர் என்று மரத்துக்குத்தான் தெரியும்" என்றார். மரம் தை மாதம் செத்தது. பொங்கலுக்குப் போனபோது ஒரு பச்சை இலை இல்லை.

வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் இந்த வண்டுக்கு மா தண்டு துளைப்பான் என்று பெயர். விஞ்ஞானப் பெயர் பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. பின்பாதிக்குச் செம்புள்ளி கொண்டது என்று பொருள். 1775-இல் டி கீர் என்ற சுவீடன்காரர் இதை முறையாக விவரித்துப் பெயர் வைத்தார். மாமரம் மட்டும் என்றில்லை. அத்தி, பலா, இலவு, முருங்கை என்று இதன் பந்தி நீளமானது. மத்திய தரைக்கடல் ஓரம் இஸ்ரேல்வரை போய் அங்கே அத்தி மரங்களைத் துளைத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டை வண்டு இரவில் வந்து, தாடையால் பட்டையில் ஒரு கீறல் போட்டு, அதற்குள் ஒரே ஒரு முட்டையை வைக்கிறது. பிறகு இன்னோர் இடத்தில் இன்னொன்று. மொத்தத்தில் 200 வரைகூட இப்படி வைக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும் புழு முதலில் பட்டைக்கு அடியிலேயே மேய்கிறது. இலை சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்கும் வழி அதுதான். அந்த வழியைச் சுற்றி அறுத்துவிட்டால் கிளை மேலே பசுமையாகவே நிற்க, கீழே வேர் பட்டினி கிடக்கும். பிறகு மரத்துக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு இருட்டுக்குள்ளேயே தின்று, அங்கேயே ஓர் அறை குடைந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, கோடையும் முதல் மழையும் சேரும் நாட்களில் வட்டமாக ஒரு வாசல் வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. பகலில் பதுங்கும்; இரவில் பறக்கும்; இளங்கிளைகளின் பச்சைப் பட்டையைக் கொறிக்கும்; விளக்கில் வந்து மோதும். கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிந்து தாம்பூலப் பை கொடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறவன்போல்தான் நாம் அதன் வாழ்க்கைக்குள் நுழைகிறோம்.

சின்ன வயதில் பாட்டி சொன்ன கர்ணன் கதையில் ஒரு வண்டு வரும். பரசுராமர் கர்ணன் மடியில் தலைவைத்துத் தூங்க, வண்டு தொடையைத் துளைக்கும். குருவின் தூக்கம் கலையக் கூடாதென்று அவன் அசையாமல் இருப்பான். ரத்தம் வழிந்து குரு விழித்துக்கொண்டதும் சாபம். எனக்கு அந்த வண்டு மேல்தான் கோபம் வரும். அந்தக் கல்லாமை மரத்தடியில் நின்றபோது கர்ணன் ஞாபகம் வந்தது. அசையாமல், சத்தம் போடாமல், ஒரு பக்கத்து இலை மஞ்சளிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல்.

இந்தக் குடும்பத்துக்கே, அதாவது உலகெங்கும் சுமார் 35,000 வகைகள் இருக்கிற நீள்கொம்பு வண்டுகளின் குடும்பத்துக்கே, ஓர் இடையனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். செராம்பஸ் என்பவன் கிரேக்கக் கதையில் ஒத்ரிஸ் மலையில் ஆடு மேய்த்தவன். யாழும் குழலும் வாசிப்பதில் ஈடில்லாதவன். கடுங்குளிர் வரப்போகிறது, மந்தையைச் சமவெளிக்கு இறக்கிவிடு என்று மேய்ப்பர்களின் தெய்வமான பான் சொன்னதைக் கேட்கவில்லை. மலையில் குடியிருந்த தேவதைகளையும் இழித்துப் பேசினான். குளிர் வந்தது, மந்தை போனது, தேவதைகள் அவனை மரம் தின்னும் கொம்பு வண்டாக்கிவிட்டார்கள். அந்த வண்டின் தலையை வெட்டி, யாழ் மாதிரி இருக்கிறதென்று சிறுவர்கள் கழுத்தில் கோத்துக்கொண்டு விளையாடுவார்களாம்.

நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. மதுரைப் பக்கத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்த எவனிடமும் ஒரு தீப்பெட்டி இருந்திருக்கும்; அதற்குள் ஒரு பொன்வண்டு. கொடுக்காப்புளி இலை போட்டு வளர்ப்போம். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடுவோம். முட்டை வைத்தால் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அவன்தான் ராஜா. அது வேறு குடும்பம் என்றாலும் பிழைப்பு ஒன்றுதான்: அதுவும் புழுப் பருவத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழித்துவிட்டு, கடைசியில் மினுமினுவென்று சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவது. அந்தப் புழு எங்கே இருக்கும் என்று எங்களில் ஒருவன்கூடக் கேட்டதில்லை.

புழுவின் படத்தை அக்கா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் ஜெர்மனியில் படிக்கிறான், படிப்பதோ எந்திரவியல், ஆனாலும் காடு காடாகச் சுற்றுகிறவன். "மாமா, இதன் சித்தப்பா ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் குடியிருந்தால் மரத்தில் யாரும் கைவைக்க முடியாது" என்று பதில் அனுப்பினான். கூடவே ஒரு படம்: ஊரே ஒதுங்கிப்போகிற ஒரு கிழட்டுக் கருவாலி, அதாவது ஓக் மரம், மேனியெல்லாம் விரல் நுழையும் துளைகள்.

அந்தச் சித்தப்பாவைப் பற்றி அந்த மார்கழி முழுக்கப் படித்தேன். செராம்பிக்ஸ் செர்டோ. 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்டது. ஸ்பெயினின் மலைச்சரிவுகளிலிருந்து காக்கசஸ் வரைக்கும், மத்திய தரைக்கடலைத் தாண்டி வட ஆப்பிரிக்காவிலும் கருவாலிக் காடுகளில் வாழ்கிறது. நம்முடையதுபோலவே ஐந்து சென்டிமீட்டர் அளவு, ஆனால் கறுப்பு; ஆணின் கொம்பு உடம்பைத் தாண்டி நெடுந்தூரம் போகும். பகலெல்லாம் துளைக்குள் ஒளிந்திருந்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து மரத்தின் காயங்களில் கசியும் சாற்றைக் குடிக்கும். வண்டாக வாழ்வது சில வாரம். அதற்கு முன்னால் புழுவாக மரத்துக்குள் இருப்பது மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. வயதான, வெயில் படுகிற, தனித்து நிற்கிற மரம்தான் அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட மரங்கள் குறைந்ததால் வண்டும் குறைந்தது. பெயரிட்ட லின்னேயஸின் சொந்த நாடான சுவீடனிலேயே நீண்ட காலம் ஓலண்ட் தீவில் ஒரே ஒரு தோப்பில்தான் அது எஞ்சியிருந்தது. 1992-இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து போட்ட வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குக் கடுமையான காப்பு உண்டு. ஜெர்மன்காரர்கள் இதை ஹெல்ட்பாக் என்கிறார்கள். வீரக்கிடாய் என்று பெயர்க்கலாம். கிடா முட்டுக்குப் பெயர்போன சீமையில் இருந்துகொண்டு இந்தப் பெயரைக் கேட்டதும் அந்த வண்டின்மேல் எனக்கு உரிமையே வந்துவிட்டது.

கருவாலி என்று சொன்னதும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் "கொடைக்கானல் போகிற வழியில் நிற்கிறதே, ஓக்கு மரம்" என்பார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைச் சொல்கிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பெயரில் மட்டும்தான் ஓக். கருவாலிக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. இமயமலையில் கருவாலிக் காடுகள் உண்டு. தென்னிந்திய மலைகளில் அது தானாக வளர்வதில்லை. 1845-இல் மதுரை வெயில் தாங்காமல் கொடைக்கானலில் வீடு கட்டிய அமெரிக்கப் பாதிரிமார்கள் நம் சோலைக்காடுகளில் தங்கள் ஊர்க் கருவாலியைத் தேடியிருந்தால் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

ஆனால் அந்த ஆஸ்திரேலியா மரத்தின் நிழலுக்கும் ஒரு நீள்கொம்பு வண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அரபிகா காபிச் செடியைத் துளைக்கும் வெள்ளைத் தண்டு துளைப்பான் இதே குடும்பம்; ஆனால் பகல்காரன், வெயில்காரன். வெயில் படுகிற தண்டில்தான் முட்டையிடும். நிழலை அதிகம் கழித்துவிட்டால் வண்டுக்குக் கொண்டாட்டம். ஒரே குடும்பத்தில் ஒருவன் ராத்திரி வேலைக்குப் போகிறவன், இன்னொருவன் பகல் வேலைக்காரன். நமக்குத் தெரிந்த குடும்பங்களே அப்படித்தானே.

படிக்கப் படிக்க என் மனம் ஒரு தினுசாகத் திரும்பிவிட்டது. மரம் என்பது சத்து குறைந்த சாப்பாடு. புரதம் மிகக் குறைவு. அதைத் தின்று ஒரு வண்டு உருவாக வேண்டுமென்றால் காலம்தான் ஈடு. மரம் காயக் காய அந்தக் காலம் இன்னும் நீளும். வட அமெரிக்காவில் கருவாலி முதலான மரங்களைத் துளைக்கும் ஒரு வண்டு உண்டு. தந்தப் பொட்டு வைத்த இரவு வண்டு. வீட்டில் நாற்பது ஆண்டுகளாக நின்ற ஒரு புத்தக அலமாரியிலிருந்து அது வெளியே வந்ததாகப் பதிவு இருக்கிறது. மரத்தை அறுத்து, இழைத்து, அலமாரி செய்து, வார்னிஷ் அடித்து, அதில் அடுக்கிய புத்தகங்கள் பழசாகும்வரை உள்ளே ஒருவன் நாளுக்கு ஒரு துகள் என்று தின்றுகொண்டே இருந்திருக்கிறான். எங்கள் வீட்டுத் தேக்குக் கட்டிலில் படுக்கும்போது நான் இப்போதெல்லாம் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது உண்டு.

வீரக்கிடாயைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். அது குடைந்து வைத்த துளைகளில் அது போன பிறகு வேறு பல அரிய வண்டுகள் குடியேறுகின்றனவாம். அது இருக்கிற மரத்தில் உயிர்களின் வகை கூடுகிறது. செத்த மரமும் சாகிற மரமும் காட்டுக்குச் சொத்து. அழகர்மலையில் நூபுரகங்கைக்கு ஏறும் வழியில் பட்டுப்போன மரங்களைப் பார்த்தால் இது புரியும். ஒரு மரத்தில் மரங்கொத்தி போட்ட பொந்து; அதில் கிளி எட்டிப்பார்க்கிறது; கீழே பட்டைக்கு அடியில் தேள். முன்பு அதே வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். குரங்கு பையைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

இந்த மயக்கத்தில் இருக்கும்போதுதான் பொங்கலுக்குப் போய்க் கல்லாமை செத்து நின்றதைப் பார்த்தேன். "நாளைக்கே வெட்டி, சுளுந்தாக்கி, எரித்துவிட வேண்டும்" என்றார் தாத்தா. நான் மறுத்தேன். நிற்கட்டும், மரங்கொத்தி வரும் என்றேன். ஜெர்மனியில் இப்படி நிற்கும் மரத்துக்குச் சட்டமே இருக்கிறது என்றேன். தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அங்கே அந்த மரம் சாவதற்கு எவ்வளவு நாள் ஆகும் தம்பி?"

"பல பத்து வருஷம் தாத்தா. வண்டு ஏறின பிறகும் அவ்வளவு காலம் தாங்கும்."

"இது ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது. சுற்றி நிற்பது எல்லாம் என்ன மரம்?"

பதில் சொல்லவில்லை. தோப்பு என்றால் என்ன? ஒரே சாப்பாட்டை வரிசையாக இலைபோட்டுப் பரிமாறி வைத்திருக்கும் பந்தி மண்டபம். மத்தியப் பிரதேசத்துச் சால் மரக் காடுகளில் 1990களின் பிற்பகுதியில் இப்படித்தான் ஒரு நீள்கொம்பு வண்டு பெருகியது. வெட்டிப் போட்ட மரத்தின் சாற்று வாடைக்கு வண்டுகளை வரவைத்து, பிடித்துக் கொடுக்கிறவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அப்படியும் கணக்கற்ற மரங்களை வெட்ட வேண்டி வந்தது. அது காடு, அங்கேயே அந்தக் கதி. இதையும் நான் படித்துத்தான் இருந்தேன். ஆனாலும் மனிதனுக்குத் தனக்குப் பிடித்த பக்கம்தான் ஞாபகத்தில் நிற்கும்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மரத்தை வெட்டுவது. கிளைகளை எல்லாம் விறகாக்கி எரித்துவிடுவது. அடிமரத்தில் இரண்டு முழத் துண்டு ஒன்றை மட்டும், பாட்டனார் நட்ட மரத்தின் ஞாபகமாக, நான் உட்காரக் கிணற்றடியில் போட்டுவைப்பது. வெட்டு முகத்தில் வைரமும் வெள்ளையும் பிரிகிற இடத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சுரங்கங்கள் தெரிந்தன. சக்கை அடைத்துக் கிடந்தது. "இதையும் எரித்தால் நல்லது" என்றார் தாத்தா, ஒரே ஒரு முறை. அவர் எதையும் இரண்டு முறை சொல்கிறவர் இல்லை.

மாசியிலிருந்து அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்துதான் காபி குடித்தேன். சித்திரையில் மற்ற மரங்களுக்கு வைத்தியம் நடந்தது. ஒரு பங்கு தாரும் இரண்டு பங்கு மண்ணெண்ணெயும் கலந்து, செதில் பட்டையைச் சுரண்டிவிட்டு, அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூசுவது. வண்டு அங்கே முட்டை வைக்காமல் இருக்க. தோப்பே ஒரு மாதிரிக் கறுப்புக் காலுறை போட்டுக்கொண்டு நின்றது. கல்லாமை நின்ற குழியில் நீலம் கன்று ஒன்று வைத்தோம். நீலமும் ஹுமாயுதீனும் இந்தப் புழுவை ஓரளவு தாங்கும் என்று பரிந்துரையில் இருக்கிறது. "நீலமா?" என்று அத்தை முகத்தைச் சுளித்தார். எங்கள் வீட்டில் நீலம் என்பது ஆடியில் வேறு பழம் இல்லாதபோது தின்பது.

ஆனியில் அந்த இரவு. டொக். டம்ளர். செங்கல்.

"இவன்தான் தம்பி, உங்கள் பாட்டனார் மரத்தைத் தின்றவன்" என்று தாத்தா சொன்னபோது, ஏதோ பரம்பரைப் பகையைச் சொல்கிறார், இந்த இனத்தைச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் வண்டைக் கையில் எடுத்தார். கிறீச், கிறீச். அவர் விடவில்லை. அதைப் பிடித்தபடியே திண்ணையை விட்டு இறங்கிக் கிணற்றடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

என் ஆசனத்தைக் காலால் உருட்டினார். அடிப்பக்கம், நான் உட்காரும்போது மண்ணைப் பார்த்திருக்கும் பக்கம், வட்டமாக ஒரு துளை. கட்டைவிரல் தாராளமாக நுழையும். தச்சன் துரப்பணம் போட்டதுபோல் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கீழே மண்ணில் புத்தம் புதிய மஞ்சள் தூள், இன்னும் ஈரம்பட்டுக் கறுக்காமல்.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கால் சுற்று உருட்டினார். அங்கே ஒரு துளை. இன்னொரு கால் சுற்று. அங்கேயும் ஒன்று.

மொத்தம் மூன்று. டம்ளரில் இருந்தது ஒன்று.